பாலத்தைத் தாண்டாத ரயில்

உலகத்தில் சினிமா பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. சினிமா பார்க்கவே மாட்டேன் என்பவர்கள் என்று இன்னோர் இனம் உண்டு. இரண்டிலும் சேராமல், சினிமா பார்ப்பதற்கான அறையை மட்டும் ஆயுள் முழுக்கத் தயார் செய்துகொண்டே இருப்பவர்கள் என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அந்த மூன்றாவதில் ஒருவரைத்தான் இப்போது உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். அவர் என் தலைக்கு மேலேயே குடியிருக்கிறார். அலங்காரமாகச் சொல்லவில்லை ஐயா. இரண்டாம் மாடியில் அவர், முதல் மாடியில் நான், நடுவில் அரை அடி கான்கிரீட். அந்த அரை அடியை நம்பித்தான் நான் இந்த வீட்டை வாங்கினேன்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் மற்ற மனிதர்கள் என்ன செய்வார்கள்? செருப்பைக் கழற்றுவார்கள், சௌக்கியமா என்பார்கள், ஒப்புக்காவது "வீடு நல்லா இருக்கே" என்பார்கள். இவர் நேராகக் கூடத்தின் நடுவில் போய் நின்று, ஒரே ஒரு முறை பலமாகக் கையைத் தட்டுவார். பிறகு கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, அந்தச் சத்தம் எங்கெங்கே போய் முட்டிக்கொண்டு திரும்புகிறது என்று கவனிப்பார்.

"எக்கோ ஜாஸ்தி சார். இதுல மனுஷன் இருக்க முடியாது."

நீங்கள் அதில் பதினோரு வருஷமாக இருக்கிறீர்கள். அதைச் சொல்லிப் பயனில்லை. வங்கியில் தட்டுவார், மருத்துவமனை வராந்தாவில் தட்டுவார், புது அலுவலகத்தில் மேலதிகாரியின் அறைக்குள் கால் வைத்ததும் தட்டி, அவர் ஏதோ பாராட்டு என்று நினைத்து எழுந்து நின்றதும் உண்டு. மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் காலமானபோது துக்கம் விசாரிக்கச் சேர்ந்துதான் போனோம். எவ்வளவோ கண்ணைக் காட்டினேன். தட்டிவிட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இவர் என் காதோரம் குனிந்து, "நல்ல ஹால் சார். இங்க அஞ்சு ஸ்பீக்கர் வெச்சா அம்சமா இருக்கும்" என்றார்.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு ஊஃபர் சார் என்று பெயர். சப்-ஊஃபர் என்பது, தெரியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன், ஒரு பெரிய கறுப்புப் பெட்டி. இடி, வெடி, நிலநடுக்கம், ரயில் போன்ற அடிவயிற்றுச் சத்தங்களை மட்டும் அது உறுமும். மனிதர்கள் பேசுவது, சிரிப்பது, சாப்பிடக் கூப்பிடுவது எதுவும் அதன் வழியாக வராது. எங்கள் ஊஃபர் சாருக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது போகப் போக உங்களுக்கே தெரியும்.

ஆள் கெட்டவர் இல்லை. அலுவலகத்தில் கோப்புகளைச் சரிபார்க்கும் அதிகாரி. ஒரு தேதி விடுபட்டிருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்புவார். தேதியைப் போட்டுக் கொண்டுவந்தால் தேதிக்கு அடியில் கோடு கோணலாக இருக்கிறது என்று மறுபடி அனுப்புவார். மனைவி பிசியோதெரபிஸ்ட். முழங்கால் தேய்ந்தவர்களையும் முதுகு பிடித்துக்கொண்டவர்களையும் எழுந்து நடமாட வைப்பது அந்த அம்மாவின் தொழில். ஒரே பெண், படிப்பை முடித்து வெளிநாட்டில் வேலை வாங்கிவிட்டாள். வேலை கிடைத்த சேதியை அவள் துள்ளிக் குதித்துச் சொன்ன அன்று, அப்பா அவளுடைய அறைக்குள் போய் நின்று ஒரு முறை கையைத் தட்டினார்.

ஹோம் தியேட்டருக்கென்று தனி அறை. இருபது வருஷக் கனவு.

"நீ போனப்புறம் சும்மாத்தானேம்மா கெடக்கும்?" என்றார்.

அந்தப் பெண்ணும் தங்கமான பெண். ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். "ரூமை இப்பவே எடுத்துக்குங்கப்பா. நான் ஹால்ல படுத்துக்கறேன். ஆனா நான் கிளம்பறதுக்கு முன்னாடி நாம மூணு பேரும் அதுல ஒரு படம் பாக்கணும். முழுசா, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும்."

"ஒண்ணென்ன, ஆறு பாப்போம்" என்றார் அப்பா. விமானத்துக்கு ஆறு வாரம் இருந்தது.

ஸ்பீக்கர் வாங்க என்னையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். சும்மா வருவதற்கு எனக்கென்ன கஷ்டம் என்று போனேன். இந்த இனத்தார் கடைக்குப் போகும்போது ஒரு குறுந்தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவார்கள். எல்லோருக்கும் ஒரு தட்டு உண்டு. அதில் ஒரு படம் இருக்கும். அந்தப் படத்தில் ஒரு காட்சி இருக்கும். அந்தக் காட்சியைத் தவிர அந்தப் படத்தில் வேறு எதுவும் இருப்பதாக அவர்களுக்குத் தெரியாது. இவருடையது ஒரு ரயில். மழை கொட்டுகிறது, இடி இடிக்கிறது, இரும்புப் பாலத்தின் மேல் ஒரு நீளமான ரயில் தடதடவென்று போகிறது. மொத்தம் மூன்று நிமிஷம் பத்து வினாடி. இணையத்தில் இவரைப் போல நானூறு பேர் சேர்ந்து வைத்திருக்கும் குழு ஒன்று, பேஸ் என்கிற அந்த அடிவயிற்றுச் சத்தத்தைச் சோதிக்க இதைவிட உத்தமமான காட்சி கிடையாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்ததாம்.

கடைக்காரர் அனுபவசாலி. கனிவாக ஒரு கேள்வி கேட்டார். "சார் என்ன மாதிரி படம் விரும்பிப் பாப்பீங்க? அதுக்குத் தகுந்த மாதிரி செட்டு காட்டறேன்."

எங்கள் ஆள் திகைத்துப் போனார். பரீட்சைக்கு வராத பாடத்திலிருந்து கேள்வி வந்துவிட்டது. "படமா?" என்றார். என்னைப் பார்த்தார். பிறகு சமாளித்துக்கொண்டு, "எல்லாப் படமும்தான். நீங்க ரயிலைப் போடுங்க" என்றார்.

ரயிலைப் போட்டார்கள். பதினான்கு ஜோடி ஸ்பீக்கரில் பதினான்கு முறை. ஒவ்வொரு முறையும் ரயில் பாலத்தின் அந்தக் கரையை நெருங்கும்போது கையை உயர்த்தி நிறுத்தச் சொல்வார். "பேஸ்ங்கறது காதுல விழக்கூடாது சார், நெஞ்சுல விழணும்" என்பார். "ஸ்பீக்கர் இருக்கறதே தெரியக்கூடாது" என்பார். கடைசியில் என் தோள் உயரத்துக்கு ஐந்து ஸ்பீக்கரையும், ஒரு துணி துவைக்கும் இயந்திரம் அளவுக்கு ஒரு சப்-ஊஃபரையும் தேர்ந்தெடுத்தார். இருப்பதே தெரியவில்லைதான், அறையில் அவற்றைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்குப் படம் என்று எங்களையும் அழைத்திருந்தார்கள். என் மனைவி புதுப்புடவை கட்டிக்கொண்டாள். நாங்கள் மாடியேறிப் போனபோது அந்த அம்மா வாசலில் நின்று, "உள்ள போய்ப் பாருங்க, எனக்கு வெக்கமா இருக்கு" என்றார்.

பார்த்தேன். அறையின் நடுவே சாய்வு நாற்காலி; நாற்காலியில் துண்டு விரித்து, அதன் மேல் சப்-ஊஃபர் மகாராஜாவாட்டம் வீற்றிருக்கிறது. ரயில் தடதடக்கிறது. ஐம்பத்து நான்கு வயது அதிகாரி ஒருவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரோரமாக முழங்காலிலும் கையிலும் தவழ்ந்துகொண்டிருக்கிறார். இரண்டடிக்கு ஒரு முறை நின்று காதைத் தரையருகே கொண்டுபோகிறார். மோப்பம் பிடிப்பவர் போலவே இருந்தது.

"என்ன சார் தொலைச்சீங்க?" என்றேன்.

"உஸ்!" என்றார். பிறகு எனக்குக் கல்வி புகட்டினார். ஊஃபரை எங்கே வைத்தால் சத்தம் சரியாக இருக்கும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பதாம்? நாம் உட்காரும் இடத்தில் அதை உட்கார வைக்க வேண்டுமாம். அது இருக்க வேண்டிய இடங்களில் நாம் தவழ வேண்டுமாம். எந்த இடத்தில் நமக்கு நன்றாகக் கேட்கிறதோ அங்கே அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, நாம் எழுந்து நாற்காலிக்குப் போய்விடலாம். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்களாம். சரியான முறைதான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் எழுந்து நாற்காலிக்குப் போய்விடலாம் என்ற கடைசிக் கட்டம் இருக்கிறதே, அதைத்தான் இந்த இனம் மறந்துவிடுகிறது.

"ஏங்க, ஊரார் முழங்காலுக்கெல்லாம் நான் வைத்தியம் பாக்கறேன். எனக்குன்னு வீட்லயே ஒரு கேஸை வளக்கறீங்களா?" என்றார் மனைவி.

"அப்பா, படம்?" என்றாள் பெண்.

"இடம் கிடைக்கட்டும்மா. இடம் கிடைச்சிட்டா எல்லாம் கிடைச்ச மாதிரி."

இடம் கிடைத்தது, ஏழரை மணிக்கு. கதவுக்கு நேர் பின்னால். அங்கே பெட்டியை வைத்தால் கதவு கால்வாசிதான் திறக்கும். பெண்ணும் அம்மாவும் பக்கவாட்டில் நுழைந்துவிட்டார்கள். என் வயிறு நுழையவில்லை. நாங்கள் டீயைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கினோம்.

அதற்கடுத்த ஞாயிறு, புது ஸ்பீக்கர்கள் இன்னும் பழகவில்லை, நூறு மணி நேரம் ஓடினால்தான் குரல் பதப்படும் என்றார். மூன்றாவது ஞாயிறு, நானூறு பேர் குழு கூடி, ஒரு சப்-ஊஃபர் என்பது ஒற்றைக்கால் செருப்பு என்று சொல்லிவிட்டது. இரண்டாவதும் வந்து இறங்கியது. அறையில் இருந்த மின்சார இணைப்புகள் எல்லாம் தீர்ந்துவிட்டதால், இதற்கு மட்டும் கைவிரல் தடிமனில் ஒரு ஒயரைக் கதவு வழியாகக் கூடத்துக்கு இழுத்தார். ஆகவே கதவு இப்போது முழுதாகத் திறக்கவும் திறக்காது, முழுதாக மூடவும் மூடாது.

அன்று சாயங்காலம் எங்கள் சமையலறையில் என் மனைவி என்னைக் கூப்பிட்டாள். அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று, யாரும் தொடாமல், தட்டின் விளிம்பை நோக்கி மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தது. மேலே ரயில். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். பாலத்தின் மத்தியில் ரயில் வந்தபோது டம்ளர் குதித்தது. அவர் மூன்று வாரமாகத் தவழ்ந்து தேடிய அந்தப் பேஸ், நெஞ்சில் விழும் பேஸ், எங்கள் சமையலறையில் அப்பழுக்கில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. இதைப் போய் அவரிடம் சொல்லலாம் என்றேன். "சொல்லாதீங்க, அப்புறம் நாற்காலியைத் தூக்கிட்டு இங்க வந்துடுவாரு" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

நான்காவது ஞாயிறு நாற்காலிகளின் ஞாயிறு. நான்கு சொகுசு நாற்காலிகள் வாங்கியிருந்தார், இரண்டு வரிசையாக. நான் வயிற்றை எக்கிக்கொண்டு ஒருவழியாக உள்ளே நுழைந்து பார்த்தபோது மூன்றைக் காணோம். அவை கூடத்தில், பெண்ணின் படுக்கைக்கும் துணிப் பெட்டிகளுக்கும் நடுவே குவிந்து கிடந்தன.

"முதுகு உயரமா இருக்கா, அதுல சத்தம் பட்டுத் தெறிக்குது. ஒண்ணு போதும்."

"நாங்க எங்கப்பா உக்கார்றது?"

"தரையில உக்காரலாம்..." என்று ஆரம்பித்தவர் யோசித்தார். "ஆனா காது மூணே கால் அடி உயரத்துல இருந்தாத்தான் சரியாக் கேக்கும். தவிர, மனுஷ உடம்பு சத்தத்தை உறிஞ்சும்மா. ரெண்டு பேர் கூட இருந்தா ரூமோட கேரக்டரே மாறிடும்."

குடும்பத்தோடு படம் பார்ப்பதற்கென்று கட்டிய அறை. அதில் குடும்பம் மட்டும்தான் இப்போது இடைஞ்சல். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றபடி, நிறுத்தி வைத்திருந்த திரையைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, அந்த ரயில்ல யாருப்பா போறாங்க?"

"எந்த ரயில்ல?"

"இதுலதான். ஒரு மாசமா ஓட்டறீங்களே. உள்ள யாரு இருக்கா? எங்க போறாங்க?"

அவர் திரையைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். "யாராவது போவாங்கம்மா. நீ அந்தப் பாலத்து ஆணி அதிர்ற சத்தத்தைக் கவனி."

ஐந்தாவது ஞாயிறு சுவர்களுக்கெல்லாம் பஞ்சு மெத்தை ஒட்டினார், இருமடிப்புத் திரைச்சீலை போட்டார், கதவின் ஓரம் முழுக்க ரப்பர் பட்டை வைத்தார். "இனிமே இந்த ரூமுக்குள்ள வெளிச்சத்தம் ஒரு பொட்டு நுழையாது சார்" என்று என்னிடம் மார்தட்டினார். உள்சத்தம் வெளியே போகாமல் இருக்க ஏதாவது உண்டா என்று கேட்டேன். அது அடுத்த கட்டம் என்றார். மூடாத கதவுக்கு ரப்பர் பட்டை எதற்கு என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை.

ஆறாவது ஞாயிறு, கடைசி ஞாயிறு. செவ்வாய்க்கிழமை காலையில் விமானம். கூடத்தில் இரண்டு பெரிய பெட்டிகள் கட்டி, பூட்டி, பெயர் எழுதி நின்றன. இன்று ஐந்து மணிக்குப் படம், எது நடந்தாலும் படம் என்று ஒற்றைக்காலில் நின்றாள் பெண். எந்தப் படம்? அந்த ரயில் படம்தான். "அதுல யாருன்னு தெரிஞ்சுக்காம நான் ஊருக்குப் போக மாட்டேன்" என்றாள். அம்மா நோயாளிகள் இருவரை மறுநாளைக்கு மாற்றிவிட்டு வந்திருந்தார். நானும் மனைவியும் ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஆஜர்.

ஊஃபர் சார் கையில் சின்னதாக ஒரு மைக்கோடு வந்தார். "ஒரே ஒரு அளவு. அஞ்சு நிமிஷம். இது முடிஞ்சிட்டா பட்டனை அமுக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

விஷயம் இதுதான். அந்த மைக்கை நாற்காலியில் காது இருக்க வேண்டிய உயரத்தில் நிறுத்தி, ஸ்பீக்கர்களில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறலை ஓடவிட்டால், அறையின் சத்தம் எப்படி இருக்கிறது என்பதைக் கணினி ஒரு கோடாகப் போட்டுக் காட்டும். கோடு தரை மாதிரி சமமாக இருந்தால் அறை சரி. மேடு, பள்ளம் இருந்தால் கோளாறு. இவர் காதில் பெரிய ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு கோட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தேகால். ஐந்தரை. பெண் இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். "இதோம்மா, ஒரு மேடு இருக்கு. அதை மட்டும் எடுத்துட்டா..." என்று கையைக் காட்டினார்.

அவள் திரும்பி வந்தாள். சாப்பாட்டு மேஜை மேல் தன் லேப்டாப்பை வைத்து, பிஸ்கட் டின்னில் அண்டைகொடுத்துச் சாய்த்து, அதே படத்தை இணையத்தில் தேடிப் போட்டாள். "நாம இங்க ஆரம்பிப்போம் அங்கிள். அப்பா வந்ததும் உள்ள போயிடலாம்." கூடத்தில் குவிந்து கிடந்த சொகுசு நாற்காலிகள் மூன்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டோம், அவள் மேஜை விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். லேப்டாப்பின் சத்தத்தைப் பற்றி என்ன சொல்ல? தீப்பெட்டிக்குள் அடைபட்ட வண்டு. உள்ளே இருந்து வந்த 'ஸ்ஸ்ஸ்' வேறு. பாதி வசனத்தைத் திரையின் அடியில் எழுத்தில் படித்துக்கொண்டோம்.

ஐயா, அது சிரிப்புப் படம்! இடியும் மின்னலும் இரும்புப் பாலமுமாக ஆறு வாரமாக எங்கள் வயிற்றைக் கலக்கிய அந்தப் படம் ஒரு வடிகட்டின சிரிப்புப் படம். ஒரு மனிதர் தப்பான ரயிலில் ஏறிவிடுகிறார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. எதிரே இருப்பவர்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். தப்பு என்று ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, இந்த ரயில் போகிற ஊருக்குத்தான் போகிறேன் என்று சொல்லிவிடுகிறார். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பொய் வளர்கிறது. கடைசியில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வர வேண்டிய தலைமையாசிரியர் இவர்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பாலம் வந்தது. மழை, இடி, தடதடப்பு எல்லாம் வண்டின் முனகலாகக் கேட்டது. மூன்று நிமிஷம் பத்து வினாடி. எங்கள் ஊஃபர் சார் எப்போதும் கையை உயர்த்தி நிறுத்தும் இடத்துக்கு அடுத்த நொடி, படம் ரயிலுக்குள்ளே போகிறது. நம் மனிதர், டிக்கெட் பரிசோதகருக்குப் பயந்து, கழிப்பறைக்குள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, தண்ணீர்க் குழாயைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறார்!

சிரித்தோம், பாருங்கள், அப்படிச் சிரித்தோம். என் மனைவிக்கு விக்கல் வந்துவிட்டது. அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிஸ்கட் டின் சரிந்து லேப்டாப் மல்லாந்தது. அதைப் பார்த்து மறுபடி சிரித்தாள். பரிசோதகர் கதவைத் தட்டும்போது உள்ளிருந்து நம் மனிதர், "ஆள் இல்லை" என்று பதில் சொல்வார். பெண் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். படம் முடிந்தபோது ஏழேகால்.

அதற்குப் பத்து நிமிஷம் கழித்துக் கதவிடுக்கில் தலை தெரிந்தது. வியர்த்துப் போயிருந்தார். "இன்னிக்கு முடியாது போலிருக்கும்மா. நடுவுல ஒரு மேடு. பதினோரு தடவை எடுத்துட்டேன், ஒரு தடவை சின்னதா வருது, ஒரு தடவை பெரிசா வருது. என்னன்னே புரியல."

பெண் எழுந்து போய் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, "பரவால்லப்பா, சாப்பிட வாங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில், புறப்பாட்டுக் கூடத்தின் நடுவில், எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது இவர் கையைத் தட்டினாரா என்று கேட்பீர்கள். தட்டவில்லை. இரண்டு கையிலும் பெட்டி இருந்தது. "நீ அடுத்த தடவை வர்றதுக்குள்ள எல்லாம் ரெடியாயிடும்" என்றார். அவள் அவரைக் கட்டிக்கொண்டு, "சரிப்பா. அந்த ரயில்ல யாருன்னு மட்டும் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அந்த வாரம் முழுக்க நானூறு பேரும் அந்த மேட்டை ஆராய்ந்தார்கள். திரைச்சீலை என்றார்கள் சிலர். கூரை என்றார்கள் சிலர். தரையைப் பெயர்த்து மரப்பலகை போடாமல் தீராது என்றார் ஒரு மேதாவி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், செருப்புக்கூடப் போடாமல், லேப்டாப்பைத் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு ஊஃபர் சார் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"போயிடுச்சு சார்! மேடு போயிடுச்சு! நான் ஒண்ணுமே பண்ணல. அதே மைக், அதே நாற்காலி, அதே அஞ்சரை மணி. பாருங்க, கோடு தரை மாதிரி!"

இழுத்துக்கொண்டு மேலே போனார். கூடத்தில் அந்த அம்மா, பெண் விட்டுப்போன போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். வீடு என்னவோ பெரிதாகிவிட்டது போலிருந்தது. இவர் இரண்டு கோட்டையும் அக்கம்பக்கமாக வைத்து எனக்கும் அந்த அம்மாவுக்கும் விளக்கினார். போன ஞாயிற்றுக் கோட்டில், மனிதக் குரல் வருகிற பகுதியில், முதுகைத் தூக்கிக்கொண்டு ஒரு மேடு. இந்த ஞாயிற்றுக் கோட்டில் ஒன்றுமே இல்லை.

அந்த அம்மா போர்வையைக் கீழே வைத்தார். "இந்த மேடு எத்தனை மணிக்கு வந்தது?"

"எல்லாம் நேரத்தோட குறிச்சிருக்கேனே. அஞ்சு அம்பதுக்குச் சின்னது. ஆறு மணிக்கு ஒண்ணு. ஆறு இருபதுக்குத்தான் ரொம்பப் பெரிசு, மலை மாதிரி."

"ஆறு இருபதுக்கு அந்த ஆளு கக்கூஸ்ல ஒளிஞ்சுக்கிட்டான்" என்றார் அந்த அம்மா. "அவ மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிச்சா. உங்க கதவுதான் மூடலையே." கதவிடுக்கில் கிடந்த அந்தத் தடித்த ஒயரைப் பார்த்தார். "அது மேடு இல்லீங்க. அது உங்க பொண்ணு."

ஊஃபர் சார் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அறை சரியாகிவிட்டது. ஆறு வாரமாக அவர் கேட்டது அதைத்தான். மிக மெல்லிய குரலில், "யாரு ஒளிஞ்சுக்கிட்டது?" என்றார்.

"போய்ப் பாருங்க" என்றார் அந்த அம்மா. "முழுசா."

அன்று இரவுச் சமையல் நடந்துகொண்டிருக்கும்போது எங்கள் தலைக்கு மேல் ரயில் வந்தது. டம்ளர் நடக்க ஆரம்பித்தது. பாலத்தின் நடுவே வந்தது, கடைசித் தூணுக்கு வந்தது. என் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு என்னைப் பார்த்தாள். ரயில் நிற்கவில்லை. முதல் தடவையாக, ஐயா, அந்த ரயில் பாலத்தைத் தாண்டியது! யாரோ கதவைத் தட்டுவது கேட்டது. "ஆள் இல்லை" என்ற குரல் மங்கலாகக் கேட்டது. அவர் சிரிக்கிறாரா என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். இரண்டு நிமிஷம், நான்கு நிமிஷம், ஏழு நிமிஷம்.

பிறகு சத்தம் நின்றது. ஒரு நாற்காலியை இழுக்கும் ஓசை. மறுபடி பாலத்தின் இந்தக் கரையிலிருந்து ரயில் புறப்பட்டது.

மறுநாள் மாடிப்படியில் பார்த்தேன். "உள்ள பேசற குரல் கொஞ்சம் மெலிசா இருக்கு சார்" என்றார். "நடு ஸ்பீக்கரை மட்டும் மாத்திட்டா, அவ அடுத்த வருஷம் வர்றப்ப..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒன்று சொல்ல வேண்டும். அந்த மேடுள்ள கோட்டை அவர் அழிக்கவில்லை. காகிதத்தில் எடுத்து, அலுவலகப் பையின் உள்ளறையில் வைத்திருக்கிறார். நான் கேட்காமலேயே எடுத்துக் காட்டினார்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, நல்லவேளை, எனக்கு ஸ்பீக்கர் பைத்தியம் இல்லை என்று நீங்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. இருக்கட்டும். உங்கள் அலமாரியில் விருந்தாளிகளுக்காக வாங்கி, விருந்தாளிகள் வந்தபோதும் வெளியே எடுக்காத பீங்கான் தட்டுகள் இல்லையா? சாமான்கள் எல்லாம் சேரட்டும் என்று வாங்கிக்கொண்டே இருந்து, ஒரு படமும் எடுக்காத கேமரா? வீட்டுக்கு வண்ணம் அடித்த பிறகு கூப்பிடலாம் என்று தள்ளிப்போட்டுக் கொண்டிருக்கும் ஒரு நண்பர்? அதெல்லாம் கிடையாதா? சந்தோஷம். அப்படியானால் இன்னும் ஒரே ஒரு கேள்வி.

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, ஊஃபர் சார் தவழ்ந்துகொண்டிருந்த இடம் என்று நினைக்கிறேன், அடுத்த அறையிலிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள். "இதோ, அஞ்சு நிமிஷம்" என்றீர்கள். அவர்கள் இரண்டாவது முறை கூப்பிடவில்லை, கவனித்தீர்களா?